ப்ளேஆஃப் கணக்குத் தளங்கள்: எதைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாடலாம்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓர் அணி தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்துவிட்டால் அதன் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, "இதே வேகத்தில் போனால் நான்காம் இடம் உறுதி" என்னும். இன்னொரு கட்சி, "ஜெயித்ததெல்லாம் யாரிடம் என்று பார்த்தாயா?" என்னும். இரண்டு கட்சியும் ஏதாவது ஒரு தளத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்து வீசும். எண் சரியாகவே இருக்கும், ஆனால் கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. சண்டை நீள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

82 ஆட்டப் பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃப் சுற்றுகளுக்கு யார் போவார்கள் என்று கணக்குப் போட ரசிகர்கள் அதிகம் கையாளும் ஐந்து தளங்களை இங்கே எடைபோடுகிறோம்: பாஸ்கெட்பால்-ரெஃபரன்ஸ், என்பிஏ.காம், ஈஎஸ்பிஎன்னின் பிபிஐ (அணி வலுக் குறியீடு), டேங்கத்தான், கிளீனிங் தி கிளாஸ். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்று போதும் என்பவர்களுக்கு பாஸ்கெட்பால்-ரெஃபரன்ஸ். இரண்டு என்றால் அதோடு என்பிஏ.காம். காசு கொடுத்து வாங்க வேண்டியது கிளீனிங் தி கிளாஸ் ஒன்றுதான், அதுவும் எல்லோருக்கும் தேவைப்படாது. பிபிஐ சதவீதத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டுகிறவரிடம் வாதாடுவது வீண்.

எந்தத் தளமானாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அணி உண்மையில் எவ்வளவு வலுவானது என்பது ஒன்று. மிச்சமிருக்கும் ஆட்டங்களும் விதிகளும் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது மற்றொன்று. தொடர் வெற்றி முதல் கேள்விக்குக் கொஞ்சம்தான் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நிறையவே சொல்லும், ஏனென்றால் கையில் வந்த வெற்றியை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

பாஸ்கெட்பால்-ரெஃபரன்ஸ்

அணியின் பக்கத்தைத் திறந்ததும் மேலேயே வெற்றி-தோல்வி, சராசரிப் புள்ளிகள், எதிரணியின் சராசரி, எஸ்ஆர்எஸ், நெட் ரேட்டிங் (பந்து கைக்கு வரும் 100 வாய்ப்புக்கு எத்தனை புள்ளி வித்தியாசம்), 'எதிர்பார்க்கப்படும் வெற்றி-தோல்வி' எல்லாம் வரிசையாக நிற்கும். வாதத்தில் முக்கால் பங்கு அந்த நாலு வரியிலேயே தீர்ந்துவிடும்.

எதிர்பார்க்கப்படும் வெற்றி என்பது அடித்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் மட்டும் வைத்துப் போடும் கணக்கு. அடித்ததை 14 அடுக்குக்கு உயர்த்தி, அடித்தது 14 அடுக்கு, கொடுத்தது 14 அடுக்கு ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கால்குலேட்டர் இல்லாவிட்டால் மனக்கணக்காகவே போடலாம்: சராசரிப் புள்ளி வித்தியாசத்தை 2.7-ஆல் பெருக்கி 41-ஐக் கூட்டினால் 82 ஆட்டங்களுக்கான வெற்றி வந்துவிடும். 2014-15 அட்லாண்டா ஹாக்ஸ் 19 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்த அணி. ஜனவரி மாதம் 17 ஆடி 17-ம் வெற்றி. பருவ முடிவில் 60-22. ஆனால் அதன் வித்தியாசம் ஆட்டத்துக்கு 5.4 புள்ளிதான், அதாவது 56 வெற்றிக்கான அணி. அதே பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் வித்தியாசம் 10.1. லீகின் இரண்டு பாதிகளில் (கான்ஃபரன்ஸ்) ஒன்றான கிழக்கில் முதலிடம் பிடித்த ஹாக்ஸ், கான்ஃபரன்ஸ் இறுதியில் கிளீவ்லாந்திடம் 0-4 என்று தோற்றது. காயங்களும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனாலும் 60 வெற்றியைப் பார்த்து அந்த அணியை வாரியர்ஸுக்குச் சமமாக வைத்தவர்கள் வித்தியாசக் கட்டத்தைப் பார்த்திருந்தால் கொஞ்சம் நிதானித்திருப்பார்கள்.

மனக்கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. 1971-72 லேக்கர்ஸ் 33 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்தது, அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. வித்தியாசம் 12.3. 2.7-ஆல் பெருக்கினால் 74 வெற்றி வர வேண்டும். வந்தது 69. அடுக்குச் சூத்திரம் 67 என்று சொல்லி இன்னும் நெருங்கி வருகிறது. வித்தியாசம் 8-ஐத் தாண்டிய அணிகளுக்கு மனக்கணக்கை விட்டுவிட்டுத் தளம் தரும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஆர்எஸ் என்பது புள்ளி வித்தியாசத்தோடு எதிரணிகளின் வலுவையும் சேர்த்த அளவு. 0 என்றால் சராசரி அணி. "யாரிடம் ஜெயித்தாய்?" என்ற கேள்விக்கு நேரடிப் பதில் இதில்தான் இருக்கிறது. இரண்டு அணிகளின் எஸ்ஆர்எஸ்ஸைக் கழித்து, சொந்த மைதானத்துக்கு இரண்டரைப் புள்ளி சேர்த்தால் அடுத்த ஆட்டத்துக்கான எதிர்பார்ப்பு கிடைக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவு இந்த எதிர்பார்ப்பிலிருந்து 12, 13 புள்ளி அளவுக்கு இருபுறமும் சிதறுவது சாதாரணம். ஆகவே ஒவ்வொரு புள்ளி முன்னிலையும் 50-க்கு மேல் ஏறக்குறைய 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். +4 அணி தன் மைதானத்தில் −1 அணியைச் சந்தித்தால் எதிர்பார்ப்பு 7.5 புள்ளி, வெற்றி வாய்ப்பு 73 சதவீதத்துக்கு அருகில். ஏழெட்டுப் புள்ளிக்கு மேல் போனால் இந்த 3 சதவீத விதி உடைந்துவிடும்.

இதை அடுத்த ஐந்து ஆட்டங்களுக்குப் போட்டுப் பாருங்கள். வாய்ப்புகள் 73, 60, 55, 80, 65 சதவீதம் என்று வந்தால், கூட்டினால் 3.3 வெற்றி. பெருக்கினால் ஐந்தையும் ஜெயிக்கும் வாய்ப்பு 12.5 சதவீதம், எட்டில் ஒன்று. ஐந்து ஆட்டத்திலும் சாதகமான அணி என்றாலும் தொடர் நீடிப்பது அபூர்வம். தொடர் அறுந்த மறுநாள் பயிற்சியாளரைத் திட்டுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

அட்டவணைப் பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரில் தொடர் எண்ணிக்கை இருக்கும். அதைவிடப் பயனுள்ளது விரிவான புள்ளிப்பட்டியல். சொந்த மைதானம், வெளியூர், ஒவ்வொரு டிவிஷனுக்கும் (கான்ஃபரன்ஸுக்குள் ஐந்து அணிகள் கொண்ட குழு) எதிரான கணக்கு, மாதவாரிக் கணக்கு இவற்றோடு 3 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களும் 10 புள்ளிக்கு மேல் முடிந்த ஆட்டங்களும் தனித்தனியாக வரும். எட்டு வெற்றியில் ஐந்து வெற்றிகள் 3 புள்ளிக்குள் வந்தவை என்றால் அந்தத் தொடரின் மேல் அதிகம் பந்தயம் கட்ட வேண்டாம். நெருக்கமான ஆட்டங்களில் எப்போதும் ஜெயிக்கும் திறமை சில அணிகளுக்கு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். பருவத்துக்குப் பருவம் பார்த்தால் அந்தத் திறமை பெரும்பாலும் கரைந்துபோகிறது. பத்துப் புள்ளிக்கு மேல் ஜெயிக்கும் பழக்கம்தான் நிலைத்து நிற்கிறது.

புள்ளிப்பட்டியலோடு 'அணிக்கு எதிர் அணி' என்ற கட்டமும் உண்டு. யார் யாரை எத்தனை முறை வென்றார்கள் என்பதை ஒரே பார்வையில் காட்டும். டைபிரேக்கர் (சமமாக முடித்த அணிகளில் யார் முந்துவது என்ற விதி) பேசும்போது இதைத் திறந்து வைத்துக்கொள்ளாதவர் பேச்சை நம்ப வேண்டாம்.

இந்தத் தளத்துக்கே உரிய ப்ளேஆஃப் வாய்ப்புப் பட்டியல் மிச்ச ஆட்டங்களைப் பல ஆயிரம் முறை கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் முடிக்க எத்தனை சதவீதம் என்று பிரித்துத் தருகிறது. மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு இடவாரியான கட்டங்களைப் படியுங்கள். முதல் ஆறு இடங்கள் நேரே ப்ளேஆஃபுக்குப் போகும், ஏழு முதல் பத்து வரை 'ப்ளே-இன்' என்ற தகுதி ஆட்டங்களைத் தாண்ட வேண்டும். ஆறாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளம் அங்கேதான் தெரியும்.

குறை என்ன? இந்தப் பட்டியல் ஆட்ட முடிவுகளைப் பார்க்கிறது, ஆட்களைப் பார்ப்பதில்லை. நட்சத்திர வீரர் நேற்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார் என்பதோ, பிப்ரவரியில் வர்த்தகக் கெடு முடிவதற்குள் பாதி அணி மாறியது என்பதோ அதற்குத் தெரியாது. பருவம் முழுதுக்குமான எஸ்ஆர்எஸ்ஸில் போன வீரர்களின் நிழல் இருந்துகொண்டேயிருக்கும். இந்தக் குறை இரு பக்கமும் வெட்டும். 2007-08 ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 22 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்தது. பன்னிரண்டாவது வெற்றியோடு யாவ் மிங் காலில் எலும்பு முறிவால் பருவத்தையே இழந்தார். அணி நொறுங்கிவிடும் என்று எல்லோரும் சொன்ன பிறகு இன்னும் பத்து வெற்றி வந்தது. அப்புறம் மிச்சமிருந்த 16 ஆட்டங்களில் 9-7, முதல் சுற்றில் யூட்டாவிடம் தோல்வி.

இன்னொன்று: முழு விவரங்கள் பெரும்பாலும் இரவு ஆட்டங்கள் முடிந்து மறுநாள்தான் சேரும். நேரலையில் சண்டை போடுகிறவர்களுக்கு இது ஆகாது. அட்டவணைகளைக் கணக்குத் தாளில் இறக்கிக்கொள்ளும் வசதி ஒவ்வொரு கட்டத்தின் மேலும் இருக்கிறது, இலவசம். நிரல் எழுதி இழுக்கிறவர்கள் நிமிடத்துக்கு 20 கோரிக்கை என்ற வரம்பை மீறினால் தளம் கதவைச் சாத்திவிடும்.

தொடரின் கணக்கு

எந்தத் தளமும் இதை முகப்பில் போடுவதில்லை, ஆனால் வாதத்தின் அடித்தளமே இதுதான். காசு சுண்டினாற்போல் 50 சதவீத வாய்ப்போடு ஆடும் சராசரி அணிகூட 82 ஆட்டங்களில் குறைந்தது ஒரு முறையாவது தொடர்ந்து ஐந்து வெற்றி பெறும் வாய்ப்பு ஏறக்குறைய 74 சதவீதம். ஆக ஐந்து ஒரு செய்தியே அல்ல. பத்து என்பது வேறு. குறிப்பிட்ட பத்து ஆட்டங்களை எடுத்துக்கொண்டால், 50 சதவீத அணி எல்லாவற்றையும் ஜெயிக்க 1,024-இல் ஒரு வாய்ப்பு. 70 சதவீத அணிக்கு 2.8 சதவீதம். 80 சதவீத அணிக்கு 10.7. பத்து ஆட்டத் தொடர் பார்த்தால் அணி சராசரிக்கு மேல் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். எவ்வளவு மேல் என்று சொல்ல முடியாது.

அந்த 'எவ்வளவு'க்கு ஆய்வாளர்கள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. அணியின் கணக்கோடு 7 வெற்றி, 7 தோல்வி சேர்த்து வகுப்பது. இருபது வெற்றி, 22 தோல்வி என்று கிடந்த அணி தொடர்ந்து பத்து ஜெயித்து 30-22 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 37-ஐ 66-ஆல் வகுத்தால் 0.56. மிச்சம் 30 ஆட்டங்களில் ஏறக்குறைய 17 வெற்றி, முடிவு 47-35. தொடரே பொய், அணி பழைய 20-22 அணிதான் என்கிறவருடைய கணக்குப்படி மிச்சத்தில் 14 வெற்றி, முடிவு 44-38. இவ்வளவு கூச்சலுக்கும் நடுவே இருப்பது மூன்றே வெற்றி. ஆனால் அந்த மூன்று, ஆறாம் இடத்துக்கும் ப்ளே-இன்னுக்கும் உள்ள தூரமாக அமைவது மேற்குக் கான்ஃபரன்ஸில் புதிதல்ல.

என்பிஏ.காம்

புள்ளிவிவரப் பகுதி கனமானது, மெதுவாகத் திறக்கும், கைபேசியில் பார்க்கவே முடியாது. இருந்தும் தவிர்க்க முடியாதது, காரணம் தேதி வடிகட்டி. தொடர் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் கொடுத்தால் அந்த எட்டு ஆட்டங்களுக்கு மட்டுமான தாக்குதல், தற்காப்பு, நெட் ரேட்டிங் வரும். பார்க்க வேண்டிய வரிசை இது.

முதலில் எதிரணிகளின் மூன்று-புள்ளி வீச்சு சதவீதம். லீக் சராசரி 36-ஐ ஒட்டி இருக்கும்போது எட்டு ஆட்டங்களில் எதிரணிகள் 30 சதவீதமே போட்டிருந்தால், ஆட்டத்துக்கு 37 வீச்சு என்று கொண்டால் அது 6.7 புள்ளி. அதில் பெரும்பகுதி தற்காப்பின் திறமை அல்ல. எதிரணி எத்தனை முறை வீசுகிறது என்பதைத் தற்காப்பால் கட்டுப்படுத்த முடியும். வீசியது விழுகிறதா என்பதில் அதன் கை குறைவு. இதைச் சரிபார்க்க, அருகிலுள்ள தற்காப்பாளர் 6 அடிக்கு அப்பால் நிற்கும்போது எடுத்த வீச்சுகளைத் தளம் தனியாகப் பிரித்திருக்கும். அந்த மாதிரி வீச்சுகளை நிறையக் கொடுத்தும் எதிரணிகள் தவறவிட்டிருந்தால், அடுத்த பத்து ஆட்டங்களில் அவை விழத் தொடங்கும்.

அடுத்து எதிரணியின் ஃப்ரீ த்ரோ (தவறாட்டத்துக்காகத் தடையின்றி வீசக் கிடைக்கும் வாய்ப்பு) சதவீதம். இதில் தற்காப்புக்குப் பங்கே கிடையாது. எட்டு ஆட்டங்களில் எதிரணிகள் 70 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தால் அது தூய அதிர்ஷ்டம். பிறகு டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது), தாக்குதல் ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட வீச்சின் பந்தை மீட்பது). இவை மெதுவாக மாறுபவை. தொடரின்போது சொந்த டர்ன்ஓவர் விகிதம் குறைந்து, தற்காப்பு ரீபவுண்ட் கூடியிருந்தால் அணியில் ஏதோ நிஜமாகவே மாறியிருக்கிறது என்று நம்பலாம். கடைசியாக 'கிளட்ச்' பிரிவு: இறுதி 5 நிமிடங்களில் அல்லது ஓவர்டைமில், வித்தியாசம் 5 புள்ளிக்குள் இருக்கும் நேரம். எட்டு ஆட்டங்களில் அது மொத்தமே இருபது, முப்பது நிமிடம் தேறும். அதை வைத்து யாரையும் வீரனாக்க வேண்டாம்.

புள்ளிப்பட்டியலில் வரும் 'கடைசிப் பத்து' என்ற கட்டம்தான் இந்தத் தளத்தில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் கட்டம். 8-2 என்று போட்டிருக்கும். அந்தப் பத்தில் ஏழு சொந்த மைதானத்தில் நடந்ததா, எதிரணிகளில் எத்தனை முந்தின நாளும் ஆடிவிட்டு விமானத்தில் வந்து இறங்கியவை என்று அது சொல்லாது. அணியின் அட்டவணையைத் திறந்து எதிரணிகளின் பெயரைப் பாருங்கள், அவ்வளவுதான் வேலை.

பொறியாக அமையும் இன்னொரு விஷயம் என்பிஏ கோப்பை. 2023-இல் தொடங்கிய அந்தப் போட்டியின் ஆட்டங்கள் எல்லாம் வழக்கமான பருவக் கணக்கில் சேரும், இறுதி ஆட்டம் ஒன்றைத் தவிர. இறுதிக்குப் போன இரண்டு அணிகளும் 83 ஆட்டம் ஆடியிருக்கும், புள்ளிப்பட்டியலில் 82-தான் இருக்கும். கையால் கணக்குத் தாள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆட்டம் உதைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

டைபிரேக்கரும் ப்ளே-இன்னும்

இந்த இடத்தில் எல்லாத் தளங்களும் ஏதாவது ஒரு விதத்தில் சோடை போகின்றன, ஆகவே விதியைத் தெரிந்துவைத்துக்கொள்வதே மேல். இரண்டு அணிகள் சமமாக முடித்தால் முதலில் நேருக்கு நேர் கணக்கு. அதுவும் சமமானால் டிவிஷனில் முதலிடம் பிடித்த அணி முந்தும். பிறகு, இரண்டும் ஒரே டிவிஷன் என்றால் டிவிஷன் கணக்கு, அதன்பின் கான்ஃபரன்ஸ் கணக்கு. மூன்று அணிகள் சமமானால் வரிசை மாறுகிறது: டிவிஷன் முதலிடம் முன்னால் வந்துவிடும், நேருக்கு நேர் அதற்குப் பின்னால்தான். மூன்று பேர் மோதும் இடத்தில் இருவருக்கான விதியைப் போட்டுக் குழப்புவது ரசிகர்கள் மட்டுமல்ல, வர்ணனையாளர்களும் செய்யும் தவறு.

ஓர் அணி தன் டிவிஷனின் நான்கு அணிகளோடு தலா 4 ஆட்டம் ஆடும். கான்ஃபரன்ஸின் மற்ற பத்தில் ஆறோடு 4, நான்கோடு 3. எதிர்க் கான்ஃபரன்ஸின் பதினைந்தோடு தலா 2. மூன்று ஆட்டம் ஆடும் ஜோடியில் நேருக்கு நேர் ஒருபோதும் சமமாகாது, 2-0 ஆன நொடியே டைபிரேக்கர் கையில். நான்கு ஆடும் ஜோடி 2-2 ஆகலாம், அப்போது கான்ஃபரன்ஸ் கணக்குவரை போக வேண்டியிருக்கும். ஆகவே மார்ச் மாதத்தில் மேற்கு அணி கிழக்கு அணியிடம் தோற்பதைவிட மேற்கு அணியிடம் தோற்பது இரட்டிப்பு நட்டம்.

சந்தேகமுள்ளவர்கள் 2014-15-ஐப் பார்க்கலாம். ஓக்லஹோமா சிட்டியும் நியூ ஆர்லியன்ஸும் 45-37 என்று சமமாக முடித்தன. நேருக்கு நேர் 3-1 என்று நியூ ஆர்லியன்ஸ் கையில். அதில் ஒன்று பிப்ரவரியில் ஆண்டனி டேவிஸ் கடைசி நொடியில் போட்ட மூன்று-புள்ளி வீச்சு. அந்த ஒரு பந்து விழாமல் போய், அந்த ஆட்டத்தை ஓக்லஹோமா ஜெயித்திருந்தால் வெற்றிக் கணக்கே மாறி, ஓக்லஹோமா உள்ளே போயிருக்கும். 2017-18-இல் டென்வரும் மினசோட்டாவும் 46-35 என்று சமமாக வந்து கடைசி நாளில் மோதின. மினசோட்டா ஓவர்டைமில் 112-106. டென்வர் வீட்டுக்கு.

இன்று அந்த இரண்டு தோல்வியாளர்களுக்கும் ப்ளே-இன் கதவு இருந்திருக்கும். 7-ஆம் அணி 8-ஐச் சந்திக்கும், ஜெயித்தவர் ஏழாம் இடத்தோடு உள்ளே. 9-ஆம் அணி 10-ஐச் சந்திக்கும், தோற்றவர் வெளியே. 7-8 ஆட்டத்தில் தோற்றவர் தன் மைதானத்தில் 9-10 ஆட்டத்தில் ஜெயித்தவரைச் சந்திப்பார், ஜெயித்தவருக்கு எட்டாம் இடம். எல்லா ஆட்டமும் 50-50 என்று கொண்டால் 7, 8 இடங்களுக்கு வாய்ப்பு 75 சதவீதம், 9, 10 இடங்களுக்கு 25. இதிலிருந்து தளங்களைப் படிக்க ஒரு விதி பிறக்கிறது. 'ப்ளேஆஃப் வாய்ப்பு 88' என்று போட்டிருந்தால் அது முதல் ஆறில் முடிக்கும் வாய்ப்பா, முதல் பத்தில் முடிக்கும் வாய்ப்பா, ப்ளே-இன்னையும் கடந்து எட்டு அணிகளில் ஒன்றாவதா என்று முதலில் பாருங்கள். ஒரே அணிக்கு ஒரே நாளில் ஒரு தளம் 60, இன்னொன்று 95 என்று காட்டுவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். கணிப்பு மாதிரிகள் அவ்வளவு தூரம் முரண்படுவது அபூர்வம்.

பிபிஐ

ஈஎஸ்பிஎன்னின் பிபிஐ எதிரணி வலு, ஆட்டம் நடக்கும் இடம், ஓய்வு நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து மிச்சப் பருவத்தை ஓட்டிப் பார்க்கிறது. பார்க்க எளிது, தினமும் புதுப்பிக்கப்படும், கைபேசியில் நன்றாகத் திறக்கும். அடுத்த ஆட்டத்துக்கான வாய்ப்புக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏன் அந்த எண் வந்தது என்று பிரித்துக் காட்டாது. நேற்று 71, இன்று 64 என்றால் எந்த ஆட்டம், யாருடைய முடிவு அந்த 7 சதவீதத்தைத் தின்றது என்று கண்டுபிடிக்க வழியில்லை. வாதத்துக்கு உதவாத கருவி.

இந்த இடத்தில் ஃபைவ்தர்ட்டிஎயிட்டின் இழப்பு தெரிகிறது. வீரர்வாரியாக மதிப்பெண் போட்டு, யார் ஆடுகிறார் யார் இல்லை என்பதைக் கணக்கில் கொண்டு, பருவத்தை 50,000 முறை ஓட்டிக்காட்டிய தளம் அது. 2023-இல் அதன் விளையாட்டுக் கணிப்புகள் நின்றன, பிறகு தளமே மூடப்பட்டது. 2022 இறுதித் தொடருக்கு முன் பாஸ்டனுக்கு 80 சதவீதம் என்றது, கோப்பை கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனது. அதை வைத்து இன்றும் கேலி செய்கிறார்கள். ஐந்தில் ஒரு முறை நடக்கும் என்று சொன்னது நடந்தது, இதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

டேங்கத்தான்

தோற்கும் அணிகளின் ரசிகர்களுக்காக உருவான தளம், டிராஃப்ட் லாட்டரியை (புதிய வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கான குலுக்கல், பின்தங்கிய அணிகளுக்கு வாய்ப்பு அதிகம்) சுழற்றிப் பார்க்கும் பொத்தானுக்குப் பேர்போனது. ப்ளேஆஃப் வாதத்துக்கு அதில் ஒரே பக்கம்தான் வேண்டும்: மிச்ச அட்டவணையின் கடினம். எதிரணிகளின் வெற்றி விகிதத்தைக் கூட்டி முப்பது அணிகளையும் வரிசைப்படுத்தியிருக்கும். முதல் பார்வைக்கு நல்லது. ஆனால் வெற்றி விகிதம் முரட்டு அளவுகோல். ஏப்ரலில் முதலிடம் உறுதியான அணி தன் ஐந்து பேரையும் உட்கார வைத்துவிடும், காகிதத்தில் அது 0.750 அணி, களத்தில் 0.300. மறுபுறம் டிராஃப்ட்டுக்காகத் தோற்க முனையும் அணி மார்ச்சில் தன் பருவக் கணக்கைவிட மோசமாக ஆடும். லாட்டரியில் கடைசி மூன்று இடங்களுக்கும் சம வாய்ப்பு, தலா 14 சதவீதம், என்று ஆக்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பக்கத்தைத் திறந்து, அடுத்தடுத்த நாள் ஆட்டங்களையும் வெளியூர்ப் பயணங்களையும் கையால் குறித்துக்கொண்டால்தான் எண்ணுக்கு உயிர் வரும்.

கிளீனிங் தி கிளாஸ்

என்பிஏ அணிகளின் அலுவலகத்தில் வேலை பார்த்த பென் ஃபாக் உருவாக்கியது, சந்தாவில் இயங்குகிறது. இதன் சரக்கு ஒன்றுதான், ஆனால் நல்ல சரக்கு: முடிவு தெரிந்த பிறகு ஒப்புக்கு ஓடும் நிமிடங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. நான்காம் கால் பகுதியில் மிச்சம் 12 முதல் 9 நிமிடம் வரை வித்தியாசம் குறைந்தது 25, 9 முதல் 6 வரை 20, அதன் பிறகு 10 இருக்க வேண்டும், களத்தில் இரு அணியும் சேர்ந்து தொடக்க வீரர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இதெல்லாம் பொருந்தி, ஆட்டம் மறுபடி நெருக்கமாகாவிட்டால் அந்த நிமிடங்கள் வெளியே. கால் பகுதி முடிவில் அரைக் களத்திலிருந்து எறியும் பந்துகளும் வெளியே.

தொடர் வெற்றிக்கு இது ஏன் முக்கியம்? 28 புள்ளி முன்னிலையில் இருந்த அணி, மாற்று வீரர்களை இறக்கி 14-இல் முடித்தால், மற்ற தளங்களில் அது 14 புள்ளி வெற்றி. இதே மாதிரி மூன்று ஆட்டம் நடந்தால் அணியின் வலு கீழே இறங்கித் தெரியும். எதிர்மாறாக, பலவீனமான அணியைத் துவைத்தெடுத்த கடைசிப் பத்து நிமிடம் வலுவை ஊதிக் காட்டலாம். நிறம் பார்த்தே படிக்கலாம், ஆரஞ்சு நல்லது, நீலம் கெட்டது. வீரர்களை அவரவர் இடத்துக்குரிய மற்றவர்களோடுதான் ஒப்பிடும், ஆகவே கூடையருகே ஆடும் சென்டரின் ரீபவுண்டைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

ஆனால் பருவ வாய்ப்பை அறிய இது தேவையில்லை. ஒரு மாதத்தில் ஒன்றிரண்டு முறை புள்ளிப்பட்டியல் பார்க்கிறவர் சந்தா கட்டினால் வீண் செலவு. எந்த ஐவர் கூட்டணி தொடரை இழுத்துச் செல்கிறது, பெஞ்ச் வந்ததும் எங்கே சரிகிறது என்று தேடுகிறவர் மட்டும் வாங்கலாம். தொடரின் பெரும்பங்கு ஒரே ஐவர் கூட்டணியிலிருந்து வந்தால், அவர்களில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிய அன்று எல்லாம் முடிந்தது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

கையால் போடும் கணக்கு

மார்ச் நடுவிலிருந்து எந்தத் தளத்தையும்விட ஒரு கணக்குத் தாள் நன்றாக வேலை செய்யும். வேண்டியது மேஜிக் எண். 83-இலிருந்து நம் வெற்றிகளையும் போட்டி அணியின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். நாம் 41-30, ஏழாம் இடத்தில் இருப்பவர் 39-32 என்றால் 83 − 41 − 32 = 10. நம் வெற்றியும் அவர் தோல்வியும் சேர்ந்து பத்து ஆனால் அவர் நம்மைத் தாண்ட முடியாது. டைபிரேக்கர் நம் கையில் என்றால் ஒன்பது போதும். ஆறாம் இடம் வேண்டுமானால் ஏழாவதாக இருப்பவரோடு மட்டும் போட்டுவிட்டு நிற்கக்கூடாது, எட்டாவதோடும் ஒன்பதாவதோடும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டு ஆட்டம் பின்தங்கியிருக்கும் அணி அடுத்த பத்தில் எளிய அட்டவணை வைத்திருந்தால் உண்மையான போட்டி அதுதான்.

ஆட்ட இடைவெளியைப் பார்ப்பதைவிட தோல்விக் கட்டத்தைப் பாருங்கள். ஆடாத ஆட்டத்தை ஜெயித்துக்கொள்ளலாம், தோற்றதைத் திருப்ப முடியாது. 41-30-ம் 39-28-ம் ஆட்ட இடைவெளியில் சமம்தான், ஆனால் விதி தன் கையில் இருப்பது பின்னவருக்கு.

கடைசி வாரத்தில் எல்லா மாதிரிகளின் சதவீதமும் மரியாதை இழக்கும். யார் ஆடுவார்கள் என்று முந்தின நாள் மாலை வெளியாகும் காயப் பட்டியலும் ஆட்டத்தன்று வரும் திருத்தமும்தான் அப்போது எடுபடும். அண்மைப் பருவங்களில் கடைசி ஞாயிறன்று முப்பது அணிகளும் ஆடுகின்றன. பாஸ்கெட்பால்-ரெஃபரன்ஸின் நேருக்கு நேர் கட்டத்தை ஒரு சாளரத்திலும் என்பிஏ.காமின் காயப் பட்டியலை இன்னொன்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கில் மூன்று அணிகள் சமமாக முடிக்கும் நிலை வந்தால் டிவிஷன் முதலிடம் யாருக்கு என்பதை முதலில் பாருங்கள்.